பெரிய சட்டக் கல்லூரியில் அப்படி என்ன இருக்கிறது?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு அவ்வளவு பெரிய சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருப்பதைப் படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். எனக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. எழுத்து பளிச்சென்று தெரிகிறது, கையெழுத்துதான் பழையபடி கோழிக் கிறுக்கல். பொறுத்துக்கொள்.

சட்டம் எங்கே படித்தாலும் அதே சட்டம்தானே, பெயருக்காக இவ்வளவு செலவா என்று கேட்டிருந்தாய். பாதி சரி. ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவுகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறுவதில்லை. பிரிவுகளை நெட்டுருப் போடத்தான் போகிறாள் என்றால் பக்கத்தில் எங்கேயாவது சேர்த்துவிடலாம்.

நல்ல இடத்தில் பதில் சொல்லித் தரமாட்டார்கள், கேள்வி கேட்டே உயிரை எடுப்பார்கள். 1870-ல் ஹார்வர்டு சட்டப் பள்ளிக்கு டீனாக வந்த லாங்டெல் தொடங்கிவைத்த பழக்கம் இது. பழைய தீர்ப்புகளை மாணவர் கையில் கொடுத்து, இதிலிருந்து விதியை நீயே கண்டுபிடி என்றார். 1884-ம் ஆண்டு டட்லி, ஸ்டீஃபன்ஸ் வழக்கை எடுத்துக்கொள். கப்பல் மூழ்கி, நடுக்கடலில் சிறு படகில் நான்கு பேர். சோறு தண்ணீர் இல்லை. சாகக் கிடந்த 17 வயதுப் பையனை டட்லியும் ஸ்டீஃபன்ஸும் கொல்ல, அவன் உடலைத் தின்று மூவரும் பிழைத்தார்கள். கொன்ற இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது.

வகுப்பில் ஒருவன் எழுந்து, “கொலை கொலைதான் சார்” என்பான். “சரி, சீட்டுக் குலுக்கிப் போட்டு அவன் பெயர் வந்திருந்தால்?” என்பார் ஆசிரியர். அவன் தயங்குவான். “அவனே சம்மதித்திருந்தால்?” இன்னும் தயங்குவான். “பதில் மாறுகிறதா? மாறினால் எந்த விதியை வைத்து மாற்றுகிறாய்? மாறாவிட்டால் எதற்கு இவ்வளவு யோசிக்கிறாய்?” உட்காரவும் விடமாட்டார். இப்படிச் சில மாதம் நின்று பழகியவளை நாளைக்கு எந்த நீதிபதியும் எளிதில் மடக்க முடியாது. சில ஆசிரியர்கள் இதை அவமானப்படுத்தும் கலையாகவே வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர்களைவிடப் பெரிய சொத்து பக்கத்து பெஞ்சு என்பேன். இவளைவிடக் கெட்டிக்காரர்கள் சுற்றிலும் இருப்பார்கள். வாயைத் திறந்தால் மறுப்பதற்கு நாலு பேர். முதல் வருடம் தூக்கம் போகும், போகட்டும். மூட் கோர்ட்டில், அதாவது மாணவர்கள் வக்கீல்களாக நின்று கற்பனை வழக்கை வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றத்தில், அவளை அவசியம் சேரச் சொல். ஜெஸப் போட்டி 1960-லிருந்து நடக்கிறது, கற்பனையான இரு நாடுகளுக்கு இடையே சர்வதேச வழக்கு. ஒரே அணி இரண்டு தரப்புக்கும் மனு தயாரித்து வாதாட வேண்டும். காலையில் தான் கிழித்துப் போட்ட வாதத்தையே மாலையில் தூக்கிப் பிடித்து நிற்க வேண்டியிருக்கும். எதிராளி முட்டாள் இல்லை என்பது அங்கேதான் உறைக்கும்.

மாணவர்களே நடத்தும் சட்ட இதழும் இருக்கும். மற்றவர் கட்டுரையின் அடிக்குறிப்பை எல்லாம் மூலத்தோடு ஒத்துப் பார்க்கிற வேலை. சலிப்பு பிடித்த வேலைதான், ஆனால் தப்பான தீர்ப்பை மேற்கோள் காட்டி நீதிமன்றத்தில் அசடு வழியாமல் காப்பாற்றும்.

எனக்கு முக்கியமாகப் படுவது, மாணவர்கள் நிஜ வழக்குகளில் உதவிப் பழகும் சட்ட உதவி மையம். நியூயார்க்கில் கார்டோஸோ சட்டப் பள்ளியில் 1992-ல் இன்னொசென்ஸ் புராஜெக்ட் என்று ஒன்று தொடங்கினார்கள். செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடப்பவர்களை டி.என்.ஏ. சோதனை மூலம் மீட்கும் வேலை. பழைய வழக்குக் கட்டுகளைப் பிரித்துப் படித்தவர்களில் மாணவர்களும் உண்டு. எந்த ஊர்க் கல்லூரியானாலும் சரி, எதிரே நிஜமான கட்சிக்காரர் அழுதுகொண்டு உட்காரும்போது, படித்த தீர்ப்புகளில் எது இவருக்கு உதவும் என்று தேடத் தோன்றும். அந்தத் தேடலைப் பரீட்சை கற்றுத்தராது.

இத்தனையும் சொன்னாலும் ஒரு கவலை உண்டு. பெரிய கல்லூரிகளில் சேரும்போது பாதிப் பேர் ஏழைகளுக்கு வாதாடப் போவதாகச் சொல்வார்கள். இறுதியாண்டில் பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்க வரும்போது எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிப்புக்கடன் கழுத்தில் கிடந்தால் கொள்கை பேச முடியாது. அதனால் உதவித்தொகை எவ்வளவு கிடைக்கும், பொதுநல வேலைக்குப் போனால் கடனில் தள்ளுபடி உண்டா என்று இப்போதே கேள். சட்ட உதவி மையத்தில் எல்லோருக்கும் இடம் உண்டா, எழுதிக் கொடுப்பதை ஆசிரியர் வரிக்கு வரி திருத்தித் தருவாரா என்பதையும் அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் விசாரிக்கச் சொல். கல்லூரியின் கையேட்டில் இதெல்லாம் இருக்காது.

பதில் வந்ததும் எழுது. அவளையே எழுதச் சொன்னாலும் சரி, சந்தேகம் இருந்தால் நேராக என்னைக் கேட்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்