செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு விழா, விளையாட்டுப் போட்டி, மொழி வகுப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

விழா வாசலில் நடந்தது பற்றி ஆளுக்கொரு கதை உலவுவதால் எழுதி வைக்கிறேன். அங்கத்தவரல்லாத ஒருவர் “ஊர்ச் சனத்துக்கு உதவி” என்று நன்கொடைப் புத்தகத்தோடு நின்றார். வாங்கிப் பார்த்தேன். பற்றுச்சீட்டில் வரிசை எண் இல்லை, பதிவு எண் இல்லை, அமைப்பின் பெயரே இல்லை. காசு யாருக்குப் போகிறது என்று கேட்டேன். “அண்ணை, இதெல்லாம் கேட்கிற விஷயமா?” என்றார். கேட்கிற விஷயம்தான் என்றேன். புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். சனத்துக்குத் தேவை இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தத் தேவையைக் காட்டித்தான் இப்படிப்பட்ட புத்தகங்கள் வருகின்றன. அன்றிலிருந்து செயற்குழுவில் இருவர் என்னோடு பேசுவதில்லை. “பொலிசுக்கு ஆள்” என்று பட்டம் வேறு. அந்தப் புத்தகக்காரரிடம் மறுபேச்சின்றிக் காசு நீட்டியவர்களில் சிலருக்கு நம் சந்தாவுக்காக மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருந்தது என்பதும் பதிவாகட்டும்.

அதனால்தான் ஜூன் 23ஆம் திகதி பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்திருந்து தீவிரவாதம் பற்றியும் அதற்குப் போகும் காசு பற்றியும் பேச ஒரு மாலையை ஒழுங்கு செய்தேன். காலிஸ்தான் கேட்ட சீக்கியத் தீவிரவாதிகள் வைத்த குண்டால் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் வெடித்து 40 ஆண்டு நிறைந்த நாள். 1985இல் கனடாவின் வான்கூவரில் குண்டுப் பெட்டியை ஏற்றிவிட்டவர் தான் ஏறவில்லை. 329 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கனடாவில் குடியேறிய இந்தியக் குடும்பங்கள். தீவிரவாதத்தைக் கண்டித்து எழுதிய பத்திரிகை ஆசிரியர் தாரா சிங் ஹேயரை 1988இல் சுட்டு முடமாக்கினார்கள், 1998இல் கொன்றார்கள். “அது பஞ்சாபியர் கதை, நமக்கென்ன?” என்றார் ஒருவர். 2006இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு வெளியிட்ட அறிக்கை நம் கதைதான். கனடாவிலும் பிரித்தானியாவிலும் புலிகளுக்கென்று வீடு வீடாகக் காசு கேட்டதையும் மறுத்தவர்களை மிரட்டியதையும் அது எழுதியிருக்கிறது.

வருவதாகச் சொன்னவர்கள் முப்பது பேர். வந்தவர்கள் எட்டு, அதில் மூவர் என் வீட்டார். சரி, போகட்டும். ஒரு பதினேழு வயதுப் பையன் சொன்னான்: “வீட்டில் கேட்டால் படிக்கிற வேலையைப் பார் என்கிறார்கள். போனில் கேட்டால் இரவு இரண்டு மணிக்கும் பதில் வருகிறது.” அவனுடைய அப்பா வரவில்லை.

கணக்கைப் பொருளாளர் சொல்வார். வரவும் செலவும் ஏறத்தாழச் சரி. அந்த ‘ஏறத்தாழ’ நிலுவைச் சந்தா. மண்டபம் தந்தவர்களுக்கும் ஒலிபெருக்கி தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஜூனுக்கும் மண்டபம் சொல்லிவிட்டேன், முன்பணம் என் கையிலிருந்து. அந்தப் பையன் நண்பர்கள் இருவரைக் கூட்டிவருகிறானாம். கதிரை ஐம்பது இருக்கிறது.

செயலாளர்