தார்சாவில் படிக்க வேண்டாம்

டார்ட்மண்ட், ஜெர்மனி
12.2.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

அப்பா, உங்கள் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. தபால் ஆபீஸை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும் நம்பர் போட்டுக் கேள்வி கேட்கிற பழக்கம் உங்களை விடவில்லை. போனிலேயே பதில் சொல்லலாம்தான். ஆனால் அம்மா என் முகத்தைப் பார்த்ததும் அழ ஆரம்பிக்கிறாள், நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுகிறேன். இங்கே சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை.

நாளை மறுநாள் சங்கரன்கோவில் தம்பி ஊருக்கு வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். ஒன்றே ஒன்று. வழக்கம்போல தார்சாவில் உட்கார்ந்து தெரு கேட்கப் படிக்காதீர்கள். பட்டாசாலைக்குள் போய் அம்மாவுக்கு மட்டும் படியுங்கள். மேலவீட்டு மதினிக்கு என்ன சொல்ல வேண்டுமோ, அதை நானே தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பிள்ளை நன்றாக இருக்கிறாள். பிறந்தபோது 1640 கிராம். முதல் வாரத்தில் 1510-க்கு இறங்கி என் உயிரை எடுத்தாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படி இறங்கித்தான் ஏறும் என்றார்கள். இன்றைக்குக் காலையில் 2030. மூக்கில் வைத்திருந்த காற்றுக்குழாயை எடுத்துவிட்டார்கள். பாலுக்கான மெல்லிய குழாய் மட்டும் இருக்கிறது. பாதிப் பாலைத் தானே உறிஞ்சிக் குடிக்கிறாள், அதற்குள் களைத்துப்போய்த் தூங்கிவிடுகிறாள், மீதி குழாய் வழியாகப் போகிறது. முழுப் பாலையும் தானே குடித்து, உடம்புச் சூட்டையும் தானே காத்து, சில நாள் மெஷின் அலறாமல் இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மெஷின் எதற்கு அலறும் என்று அம்மா கேட்பாள். முந்திப் பிறந்த பிள்ளைகள் சில நேரம் மூச்சு விட மறந்துவிடும். நர்ஸ் வந்து உள்ளங்காலைத் தேய்த்துவிட்டால் ஞாபகம் வந்து விடும். அதற்கு என்ன மருந்து தெரியுமா? காபியில் இருக்கிற அதே கஃபீன்தான். ஒரு நாளைக்கு ஒரு வேளை, குழாயில் சில சொட்டு. மாசமாக இருக்கும்போது காபி குடித்தால் பிள்ளை கறுத்துவிடும் என்று ஆச்சி என்னை ஒரு வாய் குடிக்க விடவில்லை. இப்போது அவள் கொள்ளுப்பேத்தியே தினம் காபி குடிக்கிறாள் என்று சொல்லுங்கள்.

அப்புறம், ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். நீங்கள் எழுதவில்லை, சின்னவள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டாள். டாக்டரிடம் கேட்டே விட்டேன். அவருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. பிறகு, வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம், ஏழாம் மாசத்தை விட எட்டாம் மாசம் எப்போதும் நல்லது என்றார். பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி பனிக்குடம் உடைந்ததுமே வலியைத் தள்ளிப்போட மருந்து ஏற்றி, அந்த இடைவெளியில் பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்காக எனக்கு 24 மணி நேரம் விட்டு இரண்டு ஊசி போட்டார்கள். அதனால்தான் அவளால் சீக்கிரமே தானாக மூச்சு விட முடிந்தது. இதை வேண்டுமானால் தார்சாவில் உட்கார்ந்து சத்தமாகவே படியுங்கள்.

ஜோசியருக்கு நேரம் கேட்டிருந்தீர்கள். இங்கே ஜனவரி 17, வெள்ளி ராத்திரி 11.40. அப்போது நம் ஊரில் சனி விடியக்காலம் 4.10. பிறந்த ஊரையும் அந்த ஊர் நேரத்தையும் கொடுத்தால் அவர் கணக்குப் போட்டுக்கொள்வார். நீங்களாக நாலரை மணி கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள், ஜாதகம் குழம்பிவிடும்.

பெயர் காந்திமதி என்றே பதிவுக்குக் கொடுத்துவிட்டோம். அம்மன் பெயருமாச்சு, ஆச்சி பெயருமாச்சு. இங்கே குடும்பப் பெயர் இல்லாமல் விட மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி மாமனாரின் பெயர்தான் அவளுக்குப் பின்னால் வருகிறது, அங்கே அவருக்குத் தலைகால் புரியவில்லையாம். நர்ஸ்களுக்கு முழுப் பெயர் வாயில் நுழையாததால் "காந்தி" என்று கூப்பிடுகிறார்கள். காந்தி ராத்திரி முழுக்க அழுதது, காந்தி கக்கிவிட்டது என்று சொல்லும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை.

உங்கள் மருமகனைப் பார்க்க வேண்டுமே! தினமும் சட்டையைக் கழற்றிவிட்டு, சாய்வு நாற்காலியில் படுத்து, பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாகப் போட்டுக்கொண்டு மணிக்கணக்காக அசையாமல் கிடக்கிறார். மேலே ஒரு போர்வை. கங்காருவைப் போல வைத்துக்கொள்வது என்கிறார்கள். கொலம்பியாவில் போகோட்டா என்ற ஊரில் 1978-ல் இன்குபேட்டர் பற்றாமல் போனபோது டாக்டர்கள் தொடங்கிய வழியாம், இப்போது பணக்கார நாட்டிலும் இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். அவர் மேல் கிடக்கும்போது பிள்ளையின் மூச்சு சீராகிவிடுகிறது, மெஷினில் தெரிகிறது. என்னை விட அவரிடம்தான் நன்றாகத் தூங்குகிறாள். பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு எத்தனை லட்சம் ஆச்சு என்று கேட்டிருந்தீர்கள். ஒரு காசு கேட்கவில்லை. சம்பளத்தில் மாசாமாசம் பிடிக்கிற இன்ஷூரன்ஸே பார்த்துக்கொள்கிறது. அவர் வேலையைப் பற்றி யாரோ ஏதோ சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். கம்பெனியில் ஏதோ மாற்றங்கள், எல்லாருக்கும்தான். பகலில் பிள்ளையோடு இருக்க நேரம் கிடைக்கிறதே, அதுவும் நல்லதுக்குத்தான். காரை விற்றுவிட்டோம், ஊருக்குள்ளேயே இருக்கிறவர்களுக்கு எதற்குக் கார்? ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்வருகிறார். உடம்புக்கு நல்லதாம்.

அம்மா, நீ சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாய். பிள்ளை பெற்ற மறுநாள் சாயங்காலம் ஐந்தரைக்கே ராத்திரிச் சாப்பாடு வந்தது. குளிர்ந்த ரொட்டி, சீஸ் துண்டு, ஊறப்போட்ட வெள்ளரிக்காய், ஒரு கிண்ணம் தயிர். பச்சை உடம்புக்காரிக்குத் தயிர்! குளித்துவிட்டு ஈரத்தலையோடு வராந்தாவில் நடக்கச் சொன்னார்கள். காதில் பஞ்சு வைத்திருந்ததைப் பார்த்து நர்ஸ் காது வலியா என்று கேட்டாள். இப்போது வீட்டில் ஒரு குறையும் இல்லை. இலங்கைக் கடை அக்கா பேறுகாலச் சரக்குத் தூள் கொடுத்தாள், கிட்டத்தட்ட நம் காயம்தான், மிளகு மட்டும் தூக்கல். பூண்டுக் குழம்பு வைக்கிறேன். உளுந்தங்களி கிண்டினேன், கருப்பட்டி இல்லாமல் வெல்லத்தில். அது களியே இல்லை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஹம் என்ற ஊரில் இலங்கைத் தமிழர் கட்டிய காமாட்சி அம்மன் கோவில் இருக்கிறது, 2002-ல் கும்பாபிஷேகம் ஆனது. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் அங்கே போய் உன் நேர்ச்சையில் பாதியைக் கழித்துவிடுகிறேன், மீதி நெல்லையப்பர் சன்னதியில்.

கீழ்வீட்டுக் கிழவியைப் பற்றிப் போனில் சொல்லியிருக்கிறேனே, குப்பையை எந்த நிறத் தொட்டியில் போட்டோம் என்று மூடியைத் திறந்து பார்க்கிறவள், ஞாயிற்றுக்கிழமை மிக்சி போட்டதற்குக் கதவைத் தட்டினவள். புருஷன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம், இப்போது இல்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நேரம் பார்த்துப் படிக்கட்டில் நிற்கிறாள். விசாரிப்பு, சிரிப்பு ஒன்றும் கிடையாது. "இன்று எத்தனை கிராம்?" என்று மட்டும் கேட்கிறாள். சொன்னதும் உள்ளே போய்விடுகிறாள். ஒரு நாள் கதவு திறந்திருந்தது. சமையலறைக் காலண்டரில் தன் ரத்த அழுத்தத்தை எழுதுகிற கட்டத்தில் அதற்குக் கீழே இவள் எடையையும் எழுதி வைத்திருக்கிறாள். எடை ஏறாத நாளில் என்னை முறைக்கிறாள், நான்தான் ஏதோ தப்புச் செய்த மாதிரி.

நீ அனுப்பின வளையல் பார்சல், பிள்ளை பிறந்த பிறகுதான் சுங்கத்திலிருந்து வந்தது. பச்சையும் சிவப்புமாக ஒன்றுகூட உடையவில்லை. பிள்ளை இருக்கிற வார்டில் முழங்கைக்குக் கீழே மோதிரம், கயிறு, வளையல் எதுவும் இருக்கக் கூடாது. அதனால் வீட்டில் ராத்திரி பால் எடுக்கும்போது மட்டும் போட்டுக்கொள்கிறேன். மூன்று மணிக்கு எழுந்து மெஷினில் பால் எடுத்து, பாட்டிலில் தேதியும் நேரமும் எழுதி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியே பனி, ஒரு சத்தம் இருக்காது. அந்த நேரத்தில் அங்கே நீ எழுந்து வாசல் தெளித்துவிட்டிருப்பாய் என்று கணக்குப் போடுவேன். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்று ஊரெல்லாம் சொல்வதை நான் பெரிதாக நினைத்ததில்லை, அம்மா. பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு இந்த வீட்டுக்குள் வந்த அன்றைக்கு, தலையைத் துவட்டிவிடக்கூட ஒரு ஆள் இல்லை. உன் மடியில் போய்ப் படுக்க வேண்டும் போல இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. டிக்கெட்டை முன்னால் மாற்றாதே. விசாவில் போட்டிருக்கிற தேதிக்கு முன்னால் இங்கே இறங்கவும் முடியாது, மாற்றுகிற பணமும் வீண். ஆனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே.

சரி, வேலைக்கு வருகிறேன். அப்பா, என் பிறப்புச் சான்றிதழில் "பெண் குழந்தை" என்று மட்டும்தான் இருக்கிறது, பெயர் இல்லை. பிள்ளைக்குச் சான்றிதழ் கொடுக்க இந்த ஆபீஸில் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அவளுக்குச் சான்றிதழ் வந்தால்தான் மாசாமாசம் பிள்ளைக்கென்று அரசு தருகிற 255 யூரோ வரும். அது போக, பிள்ளை வளர்ப்புக்காகத் தாய் தகப்பனுக்குத் தருகிற பணத்தை, எட்டு வாரம் முந்திப் பிறந்திருந்தால் இரண்டு மாசம் கூடுதலாகத் தருவார்கள். பணத்துக்காக அவசரப்படுத்தவில்லை, அவள் பாஸ்போர்ட்டுக்கும் அதுதான் வேண்டும். வீரவநல்லூர் பேரூராட்சி ஆபீஸில் என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகலைக் காட்டிப் பெயர் சேர்த்து வாங்கி, அம்மா கையில் கொடுத்து விடுங்கள். எழுத்து பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும்.

பேங்கில் இருக்கிற என் நகைக்கு வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வையுங்கள். இப்போது மீட்க வேண்டாம், இங்கே போட்டுக்கொள்ள எங்கே இடமிருக்கிறது? சின்னவளுக்கு அந்தத் தென்காசி இடம் பிடித்திருந்தால் பேசி முடியுங்கள். தேதி மட்டும் ஆவணியில் வையுங்கள், பிள்ளையும் பயணத்துக்குத் தேறிவிடுவாள். நான் தருவதாகச் சொன்னதை ஆடிக்குள் அனுப்பிவிடுவேன். பெரியப்பா மோட்டார் செலவில் பாதியைத் தருகிற வரைக்கும் கிணற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அத்தான் வந்து நயமாகப் பேசினாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் மூத்தவள்

பி.கு: அம்மா, காயப்பொடி, தோலுளுந்து, உடன்குடிக் கருப்பட்டி மூன்றும் போதும். நெய் வேண்டாம், பால் சம்பந்தப்பட்டது எதையும் ஏர்போர்ட்டில் விட மாட்டார்கள். நல்லெண்ணெய்ப் பாட்டிலைப் பெரிய பெட்டியில் துணிக்குள் சுற்றி வை. கைப்பையில் வைத்தால் திருவனந்தபுரத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.