பாய்லரை எடுத்துவிட்டுப் பந்தலைப் போடு

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மாலை

அன்பு மகள் கயலுக்கு,

பள்ளிப் பிள்ளைகளுக்காக நீ எழுதிய உரையைப் படித்தேன். முதல் நட்சத்திரங்கள் "அழுத்தம் தாங்காத பாய்லர் போல" வெடித்தன என்கிறாய். அந்த வரியை அடித்துவிடு. எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு பாய்லர் சட்டென்று புரியும்தான். ஆனால் அங்கே நடப்பது நேரெதிர்: அழுத்தம் குறைந்துதான் வெடிக்கிறது.

பெருவெடிப்புக்குப் பின் 10, 20 கோடி ஆண்டுகளில் இருந்தவை ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம், அவ்வளவுதான். வாயுவைக் குளிரவைக்கக் கார்பன், ஆக்சிஜன் கிடையாது. ஹைட்ரஜன் மூலக்கூறால் வெப்பத்தைச் சுமார் 200 கெல்வின் (மைனஸ் 73 டிகிரி செல்சியஸ்) வரைதான் இறக்க முடிந்தது. வாயு சின்னக் கட்டிகளாக உடைய அந்தக் குளிர் போதாது. அதனால்தான் ராட்சத நட்சத்திரங்கள்.

பிறந்தபோது சூரியனைப் போல 140 முதல் 260 மடங்கு நிறை இருந்தவைதான் உன் கதைக்கு ஆகும். இவற்றைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் ஒளியின் அழுத்தம். ஹீலியம் தீர்ந்து, மையச் சூடு 100 கோடி டிகிரியைத் தாண்டும்போது காமா கதிர்கள் (மிக அதிக ஆற்றலுள்ள ஒளி) எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானுமாக ஜோடி ஜோடியாக மாறும். தாங்கிய ஒளியே குறைந்துபோகிறது. மையம் உள்ளே சரிய, ஆக்சிஜன் ஒரேயடியாகப் பற்றி, நட்சத்திரம் முழுதும் சிதறும், கருந்துளைகூட மிஞ்சாது. தெருக் கல்யாணப் பந்தலில் நடுக்காலை உருவினால் துணி சமையல் அடுப்பின் மேல் விழுந்து பற்றுமே, அதைச் சொல்.

260ஐத் தாண்டினால் அந்த நெருப்பாலும் சரிவை நிறுத்த முடியாது, நேரே கருந்துளைதான். ஆகவே "எல்லாமே இப்படித்தான் வெடித்தன" என்று எழுதாதே. இந்த எல்லைகளும் கணக்கிட்டுச் சொன்னவை. 2025 மார்ச் 14 அன்று காமா வெடிப்பாகத் தெரிந்து, பிறகு ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பார்த்த சூப்பர்நோவாவை (நட்சத்திர வெடிப்பை) இதோடு குழப்பாதே. அது பிரபஞ்சத்துக்கு 73 கோடி வயதானபோது நடந்தது, பக்கத்துச் சூப்பர்நோவா மாதிரியே இருந்தது.

பெரிய வெடிப்பொன்றில் 40 சூரிய நிறை அளவுக்கு நிக்கல்-56 என்ற கதிரியக்க நிக்கல் உண்டாகலாம். 6 நாளில் அதில் பாதி கோபால்ட் ஆகும், 77 நாளில் கோபால்ட்டில் பாதி இரும்பாகும். வெளிச்சம் மெல்ல மங்குவது இந்தக் கணக்கில்தான்.

நீ தொடாமல் விட்டது காலம். பிரபஞ்சம் விரிவதால் தூரத்து ஒளி வரும் வழியில் நீண்டு சிவப்பாவதுதான் சிவப்புப் பெயர்ச்சி. அது 20 என்றால் ஒளியின் அலைநீளமும் நாம் பார்க்கும் காலமும் 21 மடங்கு நீளும்: 77 நாள் 1617 நாளாகும், ஏறக்குறைய நாலரை வருஷம். பத்து நாள் இடைவெளியில் இரண்டு படம் எடுத்தால் மாற்றமே தெரியாது, ஏதோ தூரத்துச் சிவப்பு கேலக்ஸி என்று தள்ளிவிடுவோம். அதனால் அதே இடத்தை வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுக்கவேண்டும். ஹைட்ரஜனின் 0.1216 மைக்ரான் புற ஊதாக் கோடும் 2.55 மைக்ரானுக்கு வந்துவிடும். அதற்குக் குறைந்த அலைநீளத்தை வழியிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடுவதால் அகச்சிவப்பில்தான் தேடவேண்டும்.

இந்த நீட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்ட சைக்கிள் ட்யூப்பை இழுக்காதே, 21 மடங்குக்கு முன்னாலேயே அறுந்துவிடும். கயிற்றில் 2 செ.மீ. இடைவெளியில் 11 துணி கிளிப் மாட்டு. பிறகு அதே கிளிப்புகளை 42 செ.மீ. இடைவெளிக்கு மாற்று. 20 செ.மீ. இருந்தது 4.2 மீட்டர் ஆகும், பள்ளி வராந்தா போதும். மாடிக் கொடிக்கயிறு சும்மாதான் கிடக்கிறது, சனிக்கிழமை வரும்போது எடுத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா