காப்பிச் செடிக்கு மாதச் சம்பளம் கிடையாது

சேலத்தில் கடனும் முதலீடும் தரும் இடத்தில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எங்களைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சேர்வராயன் மலையில் 126 பேர், பெரும்பாலும் பெண்கள், சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் கம்பெனி; உறுப்பினர்களின் காப்பிப் பழத்தை வாங்கிக் காயவைத்து விற்கிறோம். திட்ட அறிக்கை, மூன்று வருடக் கணக்கு, ஆதார், பான், குழுவாக எடுத்த போட்டோ எல்லாம் உங்களிடம் இருக்கிறது. சிலவற்றை இரண்டு முறை கொடுத்திருக்கிறோம். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. நாகலூர்ப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் தலைச்சுமையாகக் காப்பிப் பழம் கொண்டுவந்தார். எடை போட்டால் 38 கிலோ. நன்றாகச் சிவந்த பழம், பச்சைக்காய் ஒன்றுகூடக் கலக்கவில்லை. அப்படிப் பறிக்கச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான். பறித்த பழம் அன்றைக்கே பல்ப்பரில், அதாவது தோலுரிக்கும் மிஷினில், ஏறியாக வேண்டும், ராத்திரி மூட்டையில் கிடந்தால் புளித்துவிடும். கல்லாவில் 640 ரூபாய் இருந்தது. "நாளைக்குத் தருவியா கண்ணு, இல்ல தை மாசமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இருபதடி தள்ளி வியாபாரியின் ஜீப் நின்றது. மூட்டையை மறுபடி தலையில் ஏற்றிவிட நான்தான் கைகொடுத்தேன். அவர் எங்கள் இயக்குநர்களில் ஒருவர்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். கூடப் பறித்த இரண்டு பேருக்கு அன்றைக்கே கூலி தர வேண்டும்.

உங்களில் ஒருவர் 10 லட்சம் கடன் கொடுத்தாரே, அது எங்கே போனது என்று கேட்பீர்கள். போன வருடம் செப்டம்பரில் விண்ணப்பித்தோம். நவம்பரில் பழம் சிவக்கும், ஜனவரியோடு பறிப்பு ஓய்ந்துவிடும் என்று எழுதியே கொடுத்தோம். பணம் வந்தது பிப்ரவரியில். அப்போது செடியில் இலைதான் இருந்தது. வேண்டாம் என்று திருப்பியிருக்கலாம்; கட்டிய பிராசஸிங் கட்டணம் திரும்ப வராது, அடுத்த முறை எங்களைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள் என்று பயம். 14 சதவீத வட்டி, 24 மாதம், மாதம் 48 ஆயிரம், 5-ம் தேதி டியூ. மார்ச்சிலிருந்து நவம்பர் வரை ஒன்பது தவணை, 4 லட்சத்து 32 ஆயிரம். உங்கள் கடனை உங்கள் பணத்திலிருந்தே கட்டினோம், வட்டியோடு. பழம் பழுத்தபோது கையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் மிச்சம். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் அதுவும் தீர்ந்தது.

மார்ச், ஏப்ரலில் பூ மழை பெய்தால் எங்கள் செடியில் மல்லிகை மாதிரி பூ இருக்கும். பூவைத் தவணையாக எடுத்துக்கொள்வீர்கள் என்றால் தாராளமாகத் தருகிறோம்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: தவணை, அறுவடையைப் பார்த்து வரட்டும். பழம் வாங்கப் பணம் ஐப்பசியில் கிடைக்கட்டும், காப்பி விற்ற பிறகு அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டுகிறோம். இது தள்ளுபடி இல்லை, மானியமும் இல்லை.

இது முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். பயிர்க்கடனுக்கு ரிசர்வ் வங்கியே இப்படித்தான் வைத்திருக்கிறது. குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம் நிலுவை நின்றால்தான் வாராக்கடன். அதே விவசாயிகள் ஒன்றுசேர்ந்து கம்பெனியாகப் பழம் வாங்கினால் மட்டும் 90 நாள் கெடு என்கிறீர்கள். உற்பத்தியாளர் கம்பெனித் திட்டத்தில் சமவெளிக்கு 300 உறுப்பினர் வேண்டும், மலைக்கு 100 போதும் என்றார்கள். ஆள் எண்ணும்போது மலை வேறாகத் தெரிகிறது, தவணை எண்ணும்போது தெரிவதில்லை.

பிணைக்கு நிலப் பத்திரம் கேட்டீர்கள். எங்களில் பலரிடம் இருப்பது வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த உரிமை. பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. மலைக்காரர் நிலம் கைமாறக் கூடாது என்று 2006-ல் எழுதிய வரி, உங்கள் மேஜைக்கு வந்ததும் எங்கள் குறையாகிவிடுகிறது.

அப்புறம், சமூக முதலீடு என்று பெரிய ஊர்களிலிருந்து வருபவர்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிறார்கள், களத்தில் காயும் காப்பியை அள்ளிப் போட்டோ எடுக்கிறார்கள், எத்தனை பெண்களின் வாழ்வு மாறியது என்று படிவம் தருகிறார்கள். எங்களுக்கு 12 லட்சம் போதும் என்றால் முகம் வாடிவிடுகிறது. ஒரு கோடிக்குக் கீழே அவர்களுக்குக் கட்டுப்படியாகாதாம். பங்கு கேட்கிறார்கள், உற்பத்தியாளர் கம்பெனியில் வெளியாள் பங்கு வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதை ஒவ்வொரு முறையும் நாங்களே சொல்லித்தர வேண்டியிருக்கிறது. சமூகப் பணி செய்யும் அமைப்புகள் பணம் திரட்டும் சந்தையான சோசியல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுக்குப் போங்கள் என்றார் ஒருவர். லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கே அங்கே குறைந்தபட்ச வெளியீடு ஒரு கோடியாக இருந்தது, 2023-ல்தான் 50 லட்சமாகக் குறைத்தார்கள். நாங்கள் எங்கே போவது?

பணம் என்னவோ மலையடிவாரத்திலேயே இருக்கிறது. வெள்ளிப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, லாரி என்று சம்பாதித்த சேலத்துக் குடும்பங்களின் வைப்புத்தொகை உங்கள் கிளைகளில்தான் கிடக்கிறது. மனமுள்ள நாலு பேர் அதை எங்கள் கடனுக்குப் பிணையாகக் காட்டினால் போதும். பணம் அவர்கள் பெயரிலேயே இருக்கும், வட்டியும் அவர்களுக்கே. இதற்கு இரண்டு பேர் சம்மதித்தார்கள். "மேலிடத்தில் கேட்க வேண்டும்" என்றீர்கள். ஏழு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஜவ்வரிசிக்காரர்கள் 1981-லேயே சேகோசர்வ் என்று தங்களுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். மூட்டையைக் கிடங்கில் வைத்து அதன்மேல் முன்பணம் வாங்கலாம். எங்கள் காப்பி மூட்டையும் எடை போட்டால் எடை காட்டும்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தவணை அறுவடையைப் பார்த்து வரட்டும் என்பதுதான் கோரிக்கை, பணிவாகவே கேட்கிறோம். அதற்கு உங்கள் கமிட்டி கூட நாளாகும் என்றால், வரும் ஜனவரி, பிப்ரவரித் தவணைகளையாவது மார்ச்சுக்குத் தள்ளிவையுங்கள். களத்தில் இன்றைக்கு 22 மூட்டை காய்கிறது. விற்றுக் காசாக இன்னும் எட்டு வாரம் வேண்டும். 5-ம் தேதிக்கு முன்னால் ஒரு வரி பதில் வந்தால், நாளைக்குப் பழம் கொண்டுவருபவர்களிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கம்பெனிக் கணக்கு எழுதுபவள்,
ஏற்காடு