கோணிக்கொண்ட பட்டியல்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, ஒரு பட்டியல்தான் காரணம். என் புத்தகங்களுக்குக் கணக்கு வைக்க சி மொழியில் சின்ன நிரல் எழுதப்போகிறேன் என்று சொன்னேன் அல்லவா? எழுத்து மட்டும் காட்டும் டெர்மினல் திரையிலேயே ஓடட்டும் என்று, அந்தத் திரையில் வேண்டிய இடத்தில் எழுத உதவும் என்கர்சஸ் நிரல் நூலகத்தில் கை வைத்தேன்.

அதில் எழுதுவதற்கான பிரின்ட்-டபிள்யூ கட்டளை, பார்வைக்கு நமக்குப் பழகிய சி மொழி பிரின்ட்எஃப் மாதிரியேதான். ஆனால் எழுதுவது நினைவகத்தில் இருக்கும் நகலில் விழுமே தவிர உடனே திரைக்கு வராது. ரெஃப்ரெஷ் என்ற கட்டளையைச் சொன்னால்தான் வரும், அதுவும் மாறிய இடங்கள் மட்டும். முன்பெல்லாம் நொடிக்கு 1200 பிட் இணைப்பில், வரிக்கு 80 எழுத்தாக 24 வரி கொண்ட திரை முழுவதும் நிரம்ப 16 நொடி ஆகும். அந்தக் காலத்துச் சிக்கனம் இது! விசை அழுத்தத்துக்குக் காத்திருக்கும் கெட்ச் கட்டளையை அழைத்திருந்தால் தானாகவே ரெஃப்ரெஷ் ஆகியிருக்கும். நான் நிரலைச் சற்று நிறுத்திவைக்கும் ஸ்லீப் போட்டுவிட்டு வெறும் திரையை வெறித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் நம் எழுத்து வந்தது. முதலில் வெறும் குப்பை. திரையைத் தொடங்கிவைக்கும் இனிட்ஸ்கருக்கு முன்னால், மொழி அமைப்பைச் சொல்லும் செட்லோக்கேல் அழைத்து, அகல எழுத்துகளுக்கான என்கர்சஸ்-டபிள்யூவோடு இணைத்ததும் தமிழ் தெரிந்தது. ஆனால் பட்டியல் கோணிக்கொண்டு நின்றது. தலைப்புக்கு 20 இடம் ஒதுக்கச் சொல்லி பிரின்ட்-டபிள்யூவுக்கு ஒரு வடிவக் குறி கொடுத்திருந்தேன். மூன்று எழுத்து ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் 17 வெற்றிடம் வைத்த அதே குறி, 'தமிழ்' என்ற சொல்லுக்கு ஐந்துதான் வைத்தது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகு உறைத்தது. அது எழுத்தை எண்ணவில்லை, நினைவகத்தில் அது பிடிக்கும் பைட்டை எண்ணுகிறது. நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனி, ஆக ஐந்து குறியீடு. அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 15.

சரி, வெற்றிடம் நிரப்புகிற வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இப்போது பட்டியலின் ஒவ்வொரு நெடுவரிசையையும், இடம் சொல்லி எழுதும் எம்வி-பிரின்ட்-டபிள்யூ வைத்து அதனதன் இடத்திலேயே எழுதுகிறேன். உன் மகள் சி படிக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அவளிடம் சொல்: இதில் வரிசை எண் முதலில், நெடுவரிசை அப்புறம். நான் மாற்றிக் கொடுத்துவிட்டுத் திரைக்கு வெளியே எழுதிக்கொண்டிருந்தேன். இன்னொன்று, தலைப்பை நேராக வடிவச் சரமாக, அதாவது சதவீதக் குறிகளைக் கட்டளையாகப் படிக்கும் முதல் சரமாக, கொடுத்துவிட வேண்டாம். ஒரு புத்தகத்தின் பெயரில் சதவீதக் குறி இருந்து என் நிரல் படுத்துவிட்டது. டெர்மினலைப் பழைய நிலைக்குத் திருப்பும் எண்ட்வின் ஓடாமலே நிரல் செத்ததால் தட்டுவது எதுவும் கண்ணில் படவில்லை. குருட்டாம்போக்கில், டெர்மினலைச் சரிசெய்யும் ரீசெட் கட்டளையை அடித்து மீண்டேன்.

நிரலை இத்துடன் அனுப்புகிறேன். உன் டெர்மினலில் 'கொ' சேர்ந்து தெரிகிறதா, கொம்பும் காலும் பிரிந்து நிற்கிறதா என்று பார்த்து எழுது. இங்கே பிரிந்துதான் நிற்கிறது.

அன்புடன்,
ரவி