வாக்கர் நடந்தது துணியின் மேல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே மாதிரி ஒலித்துப் பொருளில் வேறுபடும் ஆங்கிலச் சொற்களைச் சென்ற இதழில் பட்டியலிட்டிருந்தீர்கள். மனப்பாடம் செய்வது தவிர வேறு வழியில்லை என்று அதை முடித்திருந்தீர்கள். பட்டியலில் குறையில்லை. முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். மனப்பாடம் செய்த பட்டியல் தேர்வு முடிந்த மறுவாரமே மறந்துபோவதைத்தான் பார்த்திருக்கிறேன். சொல்லின் கதை தெரிந்த பிள்ளைக்கு அது மறப்பதில்லை.

தமிழில் மயங்கொலிச் சொற்கள் உண்டு. அரம் வேறு, அறம் வேறு. கலகம் வேறு, கழகம் வேறு. அங்கே ஒலிகள் வேறுபட்டவைதாம், நம் நாக்குதான் சோம்பிப் போய்விட்டது. ஆங்கிலத்தில் நிலைமை தலைகீழ். ஒலி உண்மையிலேயே ஒன்றாகிவிட்டது, எழுத்து மட்டும் பழைய வேறுபாட்டைக் காத்து நிற்கிறது. ஆகவே எழுத்தில் மிச்சமிருப்பது என்ன என்று கேட்டால்தான் பொருள் பிடிபடும்.

ஒரு மாணவி தன் கட்டுரையில், நாடகாசிரியரைக் குறிக்கும் 'பிளேரைட்' என்ற சொல்லின் பின்பாதியை டபிள்யூ-ஆர்-ஐ-டி-இ என்று எழுதியிருந்தாள். சுழித்துக் காட்டியதும், "நாடகம் எழுதுகிறவர்தானே?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு நகர மனம் வரவில்லை. கரும்பலகையில் டபிள்யூ-ஆர்-ஐ-ஜி-எச்-டி என்று எழுதினேன். பழைய ஆங்கிலத்தில் இந்த 'ரைட்' கைவினைஞரைக் குறித்தது. வண்டி செய்தவர் கார்ட்ரைட், சக்கரம் செய்தவர் வீல்ரைட், பெட்டி செய்தவர் ஆர்க்ரைட். தச்சர் வண்டியைச் செய்வதுபோல நாடகத்தைச் செய்பவர் பிளேரைட். 1903இல் விமானம் ஓட்டிய ரைட் சகோதரர்களின் குடும்பப் பெயரும் இதே சொல்தான் என்றதும் வகுப்பில் ஒரு சலசலப்பு. அந்த மாணவி நோட்டின் ஓரத்தில் ஒரு சிறு சக்கரம் வரைந்து, அதன் கீழ் அந்த ஆறு எழுத்துகளையும் எழுதிக்கொண்டாள்.

அன்றிலிருந்து மயங்கொலிப் பாடத்தைக் குடும்பப் பெயர்களிலிருந்தே தொடங்குகிறேன். வாக்கர் என்ற பெயரைக் கேட்டதும் நடப்பவர் என்று தோன்றும். நடந்தது உண்மைதான், ஆனால் நெய்த கம்பளித் துணியின் மேல். துணியை நனைத்துக் காலால் மிதித்து இறுக்கமாக்கிய தொழிலாளியே வாக்கர். இங்கிலாந்தின் வடக்கே அவர் வாக்கர், தென்மேற்கே டக்கர், தென்கிழக்கே ஃபுல்லர். ஒரே தொழிலுக்கு வட்டாரத்துக்கு ஒரு பெயர். கவர்ட் என்ற குடும்பப் பெயர் கோழையைக் குறிக்கும் சொல்லோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறது. ஆனால் அது மாடு மேய்த்தவரின் பெயர், கோழைத்தனத்தோடு அதற்கு உறவே இல்லை. ரீட் என்ற பெயரை மூன்று நான்கு விதமாக எழுதுவார்கள். வாசிப்பதற்கும் நாணலுக்கும் உள்ள சொற்கள் அதே ஒலியில் இருந்தாலும், பெரும்பாலும் அந்தப் பெயர் வந்தது முன்னோர் ஒருவரின் செந்நிற முடியிலிருந்து.

கிளார்க் என்ற பெயர் எனக்கு மிகவும் பிடித்தது. வேலையின் பெயரை 'இ' போட்டும் குடும்பப் பெயரை 'ஏ' போட்டும் எழுதுகிறார்கள். பிரிட்டனில் இரண்டுமே கிளார்க்தான். அமெரிக்கர்கள் எழுத்தைப் பின்பற்றி வேலையைக் கிளர்க் ஆக்கிவிட்டார்கள். பழைய உச்சரிப்பைக் குடும்பப் பெயர் தன் எழுத்திலேயே பதித்து வைத்திருக்கிறது.

ராணுவக் கர்னலும் கொட்டைக்குள் இருக்கும் பருப்பைக் குறிக்கும் கெர்னலும் ஆங்கிலேயர் வாயில் ஒன்றே. முதலாவதை எழுதும்போது நடுவில் 'எல்' வரும், சொல்லும்போது வராது. பிரெஞ்சு வழியாக வந்த 'ர' ஒலியை நாக்கு வைத்துக்கொண்டது. இத்தாலிய மூலத்தின் 'எல்' எழுத்தில் ஏறிக்கொண்டது.

இனி உச்சரிப்பு. இதில் என் கோரிக்கை தங்களிடம்தான். கீட்ஸ், யேட்ஸ் என்ற இரு கவிஞர்களின் பெயர்களிலும் முதலெழுத்தைத் தவிர மற்ற நான்கும் ஒன்றே. ஆனால் 'யீட்ஸ்' என்பது பிழை. பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் தமிழில் பல இடங்களில் 'கீன்ஸ்' என்றே அச்சாகிறார். இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் என்றோர் ஊர் இருக்கிறது. பெயரின் பின்பாதியில் அதே எழுத்துகள்தாம், ஆனால் அங்கே கீன்ஸ்தான் சரி. கூப்பர் என்று ஒலிக்கும் கவிஞரின் பெயரை எழுத்தைப் பார்த்துப் படித்தால் 'கவ்பர்' ஆகிவிடும். நாட்குறிப்பு எழுதிய பீப்ஸ் 'பெபிஸ்' ஆகிவிடுவார்.

இந்த வேதனையைப் பெயருக்கு உரியவர்களே பட்டிருக்கிறார்கள். தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1711இல் ஸ்காட்லாந்தில் பிறந்தபோது, குடும்பப் பெயரின் எழுத்து வீட்டைக் குறிக்கும் 'ஹோம்' போலத்தான் இருந்தது. ஆங்கிலேயர் அதை ஹியூம் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று 1734இல் எழுத்தையே மாற்றிக்கொண்டார். மாற்றாமல் விட்ட குடும்பத்திலிருந்து வந்தவர், 1963 முதல் 1964 வரை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த அலெக் டக்ளஸ்-ஹியூம். அவர் பெயர் இன்றும் ஹோம் என்றே எழுதப்பட்டு, ஹியூம் என்றே சொல்லப்படுகிறது. ஸ்காட்லாந்தின் மிங்கிஸ் குடும்பத்தார் பெயரில் இருந்த ஒரு பழைய எழுத்துக்கு அச்சுக்கோப்பவர்களிடம் அச்சு இல்லை. உருவத்தில் ஒத்திருந்த இஸட்டைப் போட்டார்கள். பிற நாட்டார் அதை மென்சீஸ் என்று படித்தார்கள். ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ராபர்ட் மென்சீஸ் தம் பெயரை அப்படியே சொன்னார், ஆகவே அவருக்கு அதுதான் சரி. ஆனாலும் அவருக்கு மக்கள் வைத்த செல்லப்பெயர் 'மிங்'.

ஆங்கிலப் பத்திரிகையில் இந்தப் பெயர்களைப் பார்ப்பவருக்கு எழுத்து மட்டும்தான் கிடைக்கும், ஒலி கிடைக்காது. தமிழில் எழுதும் நமக்கு அந்த ஒலியை வாசகர் கையில் நேரே கொடுக்க முடியும். அதற்கு முன்பு அந்தப் பெயருக்கு உரியவர் எப்படிச் சொன்னார் என்று அகராதியில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவே. அடுத்த பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் அது பிறந்த கதையை ஒரு வரியாவது சேருங்கள். கெய்ன்ஸையும் யேட்ஸையும் அவர்கள் பெயரிலேயே அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஓர் ஆங்கில ஆசிரியர்