லான்வைர் என்றால் மாதா கோவில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பகுதியில் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவிலுள்ள நீளப் பெயர்க் கிராமத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் ஒரு வரி: "ரயில் நிலையப் பலகையில் இருக்கும் அந்த 58 எழுத்து உளறலைப் படம் பிடித்துவிட்டால் போதும், அதைத் தாண்டி அங்கே பார்க்க ஒன்றுமில்லை." இந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவள். இன்னொருவர் தாய்மொழியை உளறல் என்று நம் தமிழ் இதழே அச்சடிக்கும் என்று நான் நினைத்ததில்லை.

என் மகளும் மருமகனும் அந்தப் பக்கத்தில் மருத்துவமனை வேலையில் இருக்கிறார்கள். 2014 முதல் 2019 வரை நான்கு முறை போய், ஒவ்வொரு முறையும் ஐந்து மாதம் போல அந்த ஊரிலேயே தங்கியிருக்கிறேன். பேத்தியைப் பள்ளியில் விட்டு, மாலையில் அழைத்து வந்தது நான்தான். கட்டுரையாளர் அங்கே நாற்பது நிமிடம் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

முதலில் அந்தப் பெயர்: Llanfairpwllgwyngyllgogerychwyrndrobwllllantysiliogogogoch. கட்டுரை சொல்வதுபோல அது பல நூற்றாண்டுப் பழமையானது அல்ல. ஊரின் பழைய பெயர் லான்வைர் புல்க்விங்கில். வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கட்டும் என்று 1860களில் உள்ளூர்க்காரர்களே அதை நீட்டினார்கள். ஆனால் நீட்டியபோதும் பொருளில்லாத சொல் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. 'லான்' என்றால் கோவில், 'மைர்' என்றால் மரியாள். இரண்டும் சேரும்போது ம மறைந்து வ ஒலி வந்து 'லான்வைர்' ஆகிறது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதை வகுப்பில் நடத்திய எனக்கு இதைக் கேட்டதும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? 'புல்' என்றால் பள்ளம், குளம். 'ட்ரோ' என்றால் சுழல்வது. சேர்ந்தால் 'ட்ரோபுல்', நீர்ச்சுழி. அங்கே அந்தப் ப, ஆங்கில B போல மெலிந்துவிடும். 'கோஃக்' என்றால் சிவப்பு, ஊர்ப் பெயரில் அதன் முதல் எழுத்து மெலிந்து, ஆங்கில 'go'வில் வரும் g ஒலியோடு நிற்கும். கடைசி ஒலி நம் ஆய்தத்துக்குப் பக்கத்தில் வரும். வெள்ளை ஹேசல் மரப் பள்ளத்து மாதா கோவில், வேகச் சுழிக்கு அருகில், செங்குகையின் தூய டிசிலியோ கோவில். பெயர் முழுக்க இவ்வளவுதான். சுழியும் கற்பனை இல்லை. தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் மெனாய் நீரிணையில், அதன் மேலுள்ள இரண்டு பாலங்களுக்கும் நடுவே, நீரோட்டம் வேகமாக இருக்கும் நேரத்தில் தண்ணீர் சுழன்று கொதிப்பதை நானே நின்று பார்த்திருக்கிறேன்.

எழுத்து 58 என்பதும் ஆங்கிலக் கணக்கு. வேல்ஷ் நெடுங்கணக்கில் இரண்டு குறிகள் சேர்ந்து ஒரே எழுத்தாக நிற்பது உண்டு. அவர்கள் எண்ணினால் 51. பெயரின் தொடக்கத்தில் Ll என்று எழுதும் அந்த 'ல்' ஒலி நம் ல் இல்லை. நாக்கை ல் இடத்தில் வைத்துக் காற்றை மட்டும் ஊத வேண்டும். பேத்திதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள், மூன்று வாரம் ஆயிற்று. நம் ழகரம் வராத வெளியூர்க்காரர் அதைக் கேலி செய்தால் நமக்கு எப்படி இருக்கும், ஐயா?

வேல்ஷ் மொழி 'ஆங்கிலத்தின் ஒரு வழக்கு' என்றும் கட்டுரை சொல்கிறது. அது கெல்டிக் மொழி. பிரெத்தோன், கார்னிஷ் இரண்டும்தான் அதற்கு உடன்பிறந்தவை. ஆங்கிலம் பிரிட்டன் தீவுக்கு வரும் முன்பே அங்கே பேசப்பட்ட மொழியின் வழி வந்தது. 1847இல் வேல்ஷ் தெரியாத மூன்று ஆங்கிலேய ஆணையர்கள் வந்து பள்ளிகளைப் பார்த்துவிட்டு, அந்த மொழிதான் மக்களின் முன்னேற்றத்துக்குத் தடை என்று அறிக்கை எழுதினார்கள். அந்த நூற்றாண்டில் பல பள்ளிகளில் வேல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டை மாட்டுவார்கள். அடுத்து பேசுகிற பிள்ளைக்கு அது கைமாறும். நாள் முடிவில் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. இதைப் பக்கத்து வீட்டு மூதாட்டி சொன்னபோது எனக்கு என் மகளின் பள்ளி நினைவு வந்துவிட்டது. வகுப்பில் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் அபராதம். நான் தமிழாசிரியை, என் மகள் தமிழ் பேசியதற்கு நானே அபராதம் கட்டியிருக்கிறேன். இருபத்தைந்து வருஷம் ஆகியும் அது மறக்கவில்லை.

அந்த மொழிக்கு 2011இல்தான் வேல்ஸில் முழு அலுவல் மொழித் தகுதி சட்டமானது. 2021 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பேசத் தெரிந்தவர்கள் 17.8 சதவீதம். ஆங்கிள்சியில் பாதிக்கும் மேல். கடையில், பேருந்தில், பள்ளி வாசலில் எல்லாம் அதுதான் காதில் விழும். பேத்தி பக்கத்து வீட்டு மூதாட்டியை 'நைன்' என்று கூப்பிடுவாள், பாட்டி என்று அர்த்தம். தெற்கு வேல்ஸில் இதற்கு வேறு சொல்லாம். நம் ஊரில் பாட்டி, ஆத்தா, அப்பத்தா இல்லையா?

பார்க்க ஒன்றுமில்லையாம். பிரிட்டனின் முதல் மாதர் சங்கம், கனடாவில் 1897இல் பிறந்த யோசனையைப் பின்பற்றி, 1915 செப்டம்பரில், உலகப் போர் நடக்கும்போது, இந்தக் கிராமத்தில்தான் தொடங்கியது. சங்கக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு சாலை போட்ட காலத்துச் சுங்கச்சாவடி வீடு. அங்கே 1895 வரை சுங்கம் வாங்கினார்கள். டெல்ஃபோர்டு 1826இல் கட்டி முடித்த தொங்குபாலம் பக்கத்தில். ஸ்டீஃபென்சனின் 1850ஆம் ஆண்டு ரயில் பாலமும் அருகில்தான். 1970 மே மாதம் ஓர் இரவில் அது தீப்பிடித்ததை மூதாட்டி இளம்பெண்ணாக இருந்தபோது கரையில் நின்று பார்த்தவர். கண் முன்னே ஊருக்கும் உலகத்துக்கும் இருந்த ரயில் இணைப்பு எரிந்தது என்று அவர் சொல்லும்போது கை நடுங்கும். இவரிடம் கட்டுரையாளர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதுமே.

இது முதல் தடவையும் இல்லை. 2022 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது 'இங்கிலாந்தின் வேல்ஸ் பகுதி' என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் போட்டியில் இங்கிலாந்தும் வேல்ஸும் ஒரே பிரிவில் எதிரெதிரே ஆடின. ஓர் அஞ்சலட்டை போட்டேன், பதிலும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. எங்கள் உறவுக்காரர்கள் இன்றும் "லண்டன் எப்படி இருந்தது?" என்றுதான் கேட்கிறார்கள். லண்டனிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போய், அப்புறம் கடலைத் தாண்ட வேண்டிய ஊர் அது. அவர்கள் தெரியாமல் கேட்கிறார்கள். தாங்கள் அப்படி இல்லையே. ஊர்ப் பெயர்களின் வேர்களைப் பற்றி நான்கு வருடத்துக்கு முன் தாங்கள் எழுதிய தலையங்கத்தை நான் இன்னும் வெட்டி வைத்திருக்கிறேன்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் இரண்டு வரி போதும். வேல்ஷ் தனி மொழி என்று ஒரு வரி, 'உளறல்' என்ற சொல்லுக்கு வருத்தம் தெரிவித்து ஒரு வரி. ஜூலைக் கடைசியில் பள்ளி விடுமுறைக்குப் பேத்தி வருகிறாள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருக்கிறாள், நம் இதழைத்தான் எடுத்துக் கொடுப்பேன். அந்த இதழில் தன் ஊர்ப் படத்தைப் பார்த்தால் கீழே இருப்பதை நிச்சயம் படிப்பாள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
மன்னார்குடி.